எக்ஸ்ரே அறைக்கு எக்ஸ்போஷர் சார்ட் போடுவது எப்படி: ஸ்கிரீன் முதல் எம்ஏஎஸ் வரை

புதிதாக வேலைக்கு வரும் டெக்னீஷியன்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். படம் சரியில்லை என்றதும் கை நேராக எம்ஏஎஸ் பட்டனுக்குப் போகும். டியூபின் மின்னோட்டத்தை (மில்லிஆம்பியர், எம்ஏ) வினாடியால் பெருக்கிய எண் அது, கதிரின் அளவைத் தீர்மானிக்கும். வெளுத்திருந்தால் கூட்டுவார்கள், கறுத்திருந்தால் குறைப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. அழுக்கேறிய ஸ்கிரீன் (எக்ஸ்ரேயை ஒளியாக்கும் தகடு), அதற்குப் பொருந்தாத பிலிம், தலைகீழாகச் செருகிய கிரிட் (சிதறிய கதிரை வடிகட்டும் தட்டு), முழுசாகத் திறந்து கிடக்கும் கொலிமேட்டர் (கதிர் விழும் பரப்பைச் சுருக்கும் கருவி) என்று வேறு எங்காவது இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் எம்ஏஎஸ்ஸைக் கூட்டிச் சமாளித்தால், அந்தக் கூடுதல் கதிர் அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு பேஷண்டின் உடம்பிலும் இறங்கும்.

அதனால் எக்ஸ்போஷர் சார்ட், அதாவது எந்த உறுப்புக்கு மெஷினில் எதை எவ்வளவு வைப்பது என்ற அட்டவணை, போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்கிரீன், பிறகு தூரமும் கொலிமேஷனும், பிறகு கேவி (டியூபின் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்), பிறகு கிரிட். எம்ஏஎஸ் கடைசி. முன்னால் உள்ள ஒன்றை மாற்றினால் பின்னால் உள்ள எல்லாம் மாறும் என்பதுதான் காரணம்.

ஸ்கிரீன்-பிலிம் கேசட்டோ (ஸ்கிரீனையும் பிலிமையும் வெளிச்சம் புகாமல் வைக்கும் பெட்டி) சிஆர் பிளேட்டோ (பிலிமுக்குப் பதில் படத்தைச் சேமித்து, ரீடர் கருவி வழியே கம்ப்யூட்டருக்குத் தரும் தகடு) வைத்து ஓடும் சிறிய எக்ஸ்ரே அறையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். படத்தை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் டிஆர் பேனல் வைத்திருப்பவர்கள் 2, 3 பகுதிகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 4-இலிருந்து தொடங்கலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் மெஷினின் கடைசி கியூஏ (தரச் சோதனை) ரிப்போர்ட். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பியின் விதிப்படி சாதாரண எக்ஸ்ரே மெஷினுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கியூஏ சோதனை நடக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டை இலோரா (ஏஇஆர்பியின் ஆன்லைன் உரிமத் தளம்) பதிவுக்கான காகிதமாக மட்டும் நினைத்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். வெளியே எடுங்கள். அதில் மூன்று விஷயம் தேவை: நீங்கள் வைக்கும் கேவியும் வெளியே வரும் கேவியும் 5 கேவிக்குள் ஒத்துப்போகிறதா, எம்ஏஎஸ்ஸை இரட்டித்தால் கதிரும் இரட்டிக்கிறதா, 1 மீட்டர் தூரத்தில் ஒரு எம்ஏஎஸ்ஸுக்கு எத்தனை மைக்ரோகிரே (கதிரை அளக்கும் அலகு) வருகிறது. முதல் இரண்டும் சரியில்லாத மெஷினுக்குச் சார்ட் போடுவது வீண். சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்து ஒரு தண்ணீர்ப் பெட்டி. பேஷண்டின் பக்கவாட்டு அகலத்துக்கு, 20 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் பெட்டி போதும். பெரியவர்களின் வயிற்றுக்கு அது நல்ல மாற்று. 0.5 மி.மீ., 1 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகட்டிலிருந்து சின்னச் சின்ன வட்டங்கள் வெட்டி அதில் டேப் போட்டு ஒட்டுங்கள். மங்கலான நிழல் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று அவைதான் காட்டும். அப்புறம் ஒரு கம்பி வலை, உடம்பின் கனத்தை அளக்க ஒரு கேலிப்பர், ஒரு நோட்டு.

சோதனைப் படம் எதையும் மனிதர்கள் மேல் எடுக்கக் கூடாது. 'என் கையைத்தானே வைக்கிறேன்' என்பதும் இதில் சேர்த்திதான்.

2. எந்த உறுப்புக்கு எந்த ஸ்கிரீன் என்று முடிவு செய்யுங்கள்

பிலிமை மட்டும் வைத்து எடுத்தால் விழும் எக்ஸ்ரேயில் மிகச் சொற்பமே அதில் தங்கும். ஸ்கிரீன் அந்த எக்ஸ்ரேயை வாங்கி ஒளியாக மாற்றித் தருகிறது. பிலிம் கறுப்பதில் 95 சதவீதத்துக்கு மேல் அந்த ஒளியின் வேலை. ஸ்கிரீனால் கதிர் குறைகிறது என்பது இதனால்தான். ஆனால் ஒளி நேர்கோட்டில் மட்டும் போகாது, பக்கவாட்டிலும் பரவும். ஸ்கிரீனில் ஒளி தரும் பாஸ்பர் அடுக்கு கனமாக ஆக இந்தப் பரவலும் கூடும், எலும்பின் விளிம்பு மழுங்கும்.

ஸ்கிரீன்-பிலிம் ஜோடியின் வேகத்தை 100, 200, 400 என்று குறிப்பார்கள். 1000-ஐ அந்த எண்ணால் வகுத்தால், சரியான கறுப்பு வருவதற்குக் கேசட் மேல் விழ வேண்டிய கதிர் மைக்ரோகிரேயில் கிடைக்கும். 100 வேகத்துக்கு 10, 200-க்கு 5, 400-க்கு 2.5. அதாவது பிலிமில் எம்ஏஎஸ்ஸுக்குச் சரியான இடம் ஒன்றுதான். கொஞ்சம் விலகினாலும் படம் வெளுக்கும் அல்லது கறுக்கும். டோஸைத் தீர்மானிப்பது நீங்கள் வாங்கிய ஸ்கிரீன். இந்த ஒன்று புரிந்தால் ஸ்கிரீன் தேர்வு எவ்வளவு பெரிய முடிவு என்பதும் புரியும்.

வேகம் கூடினாலே தரம் குறையும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். வேகத்தை எப்படிக் கூட்டினார்கள் என்று கேட்க வேண்டும். வழி மூன்று. ஒன்று, ஸ்கிரீன் இன்னும் அதிக எக்ஸ்ரேயைப் பிடிக்கும்படி செய்வது. இதில் நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) அதிகரிக்காது. கனத்தைக் கூட்டிச் செய்திருந்தால் கூர்மை மட்டும் குறையும். இரண்டு, பிடித்த ஒவ்வொரு எக்ஸ்ரேயிலிருந்தும் அதிக ஒளி எடுப்பது. கூர்மை கெடாது, ஆனால் குறைந்த எக்ஸ்ரேயிலேயே படம் கறுத்துவிடுவதால் மணல் தூவினாற்போல் நாய்ஸ் தெரியும். மூன்று, வேகமான பிலிம் போடுவது. இதிலும் நாய்ஸ்தான் விலை. பழைய கால்சியம் டங்ஸ்டேட் ஸ்கிரீன் உறிஞ்சும் எக்ஸ்ரே ஆற்றலில் சுமார் 5 சதவீதத்தை ஒளியாக மாற்றும். கடோலினியம், லாந்தனம் வைத்த ரேர் எர்த் ஸ்கிரீன்கள் 15 முதல் 20 சதவீதம் மாற்றும், எக்ஸ்ரேயையும் கூடுதலாகப் பிடிக்கும். யாராவது பழைய டங்ஸ்டேட் கேசட்டை 'இன்னும் நல்லா இருக்கு சார்' என்று எடுத்து நீட்டினால் நன்றி சொல்லி ஓரமாக வைத்துவிடுங்கள்.

என் பரிந்துரை இது. விரல், கை, பாதம் போன்ற மெல்லிய உறுப்புகளுக்கு 100 வேக டீடெயில் ஸ்கிரீன். அங்கே டோஸ் ஏற்கெனவே சொற்பம், மயிரிழை முறிவைப் பார்க்கக் கூர்மை வேண்டும். மூட்டு, தோள், முதுகு, வயிறு, நெஞ்சு எல்லாவற்றுக்கும் 400. குழந்தைகளுக்கு எந்த உறுப்பாக இருந்தாலும் 400.

குழந்தைகளுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு என்று கேட்பார்கள். டோஸ் ஒரு காரணம். அசைவு இன்னொரு காரணம். மெதுவான ஸ்கிரீனுக்கு எக்ஸ்போஷர் நேரம் நீளும், அதற்குள் குழந்தை காலை இழுத்துவிடும். 60 எம்ஏ போர்ட்டபிள் மெஷினில் 12 எம்ஏஎஸ் என்றால் 0.2 வினாடி. அதே படத்தை நான்கில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால் ஸ்கிரீனின் கூர்மை குறைந்தாலும் படத்தின் கூர்மை கூடும். மூச்சை அடக்க முடியாத முதியவருக்கும் இதே கணக்குதான்.

நிறப் பொருத்தத்தில் புதியவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். கடோலினியம் ஸ்கிரீன் பச்சை ஒளி தரும். டங்ஸ்டேட்டும் சில லாந்தனம் ஸ்கிரீன்களும் நீல ஒளி தரும். நீலத்தை மட்டும் உணரும் பிலிமைப் பச்சை ஸ்கிரீனில் போட்டால் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். விலை குறைவு என்று யாரோ வாங்கி வந்த பிலிம் பெட்டியால், அந்த அறையில் எல்லா எம்ஏஎஸ்ஸும் இரட்டிப்பாகி மாதக்கணக்கில் யாரும் ஏன் என்று கேட்காமல் ஓடுவதுண்டு. டார்க் ரூம் விளக்கையும் பாருங்கள். பச்சை உணரும் பிலிமுக்கு ஆழ்ந்த சிவப்பு விளக்கு வேண்டும். மஞ்சள் கலந்த பழைய விளக்கு பிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும்.

சிஆர் பிளேட்டுக்குத் தாவுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வழக்கமான சிஆர் பிளேட் சுமார் 200 வேக ஜோடிக்குச் சமம். 400 வேக பிலிமுக்குப் போட்ட சார்ட்டை அப்படியே வைத்து எடுத்தால் படத்தில் நாய்ஸ் கூடும். அதைப் பார்த்துப் பயந்து மூன்று நான்கு மடங்கு ஏற்றிவிடுகிறார்கள். படம் வழவழவென்று வந்ததும் அதையே பழக்கமாக்கிக்கொள்கிறார்கள். சிஆரில் கதிர் எவ்வளவு போனாலும் கம்ப்யூட்டர் வெளிச்சத்தைச் சரிசெய்துவிடும், படம் கறுக்காது. பிலிம் செய்துவந்த கண்டிப்பை இங்கே நீங்கள்தான் செய்ய வேண்டும்.

3. ஸ்கிரீனைச் சோதித்துச் சுத்தம் செய்யுங்கள்

கேசட்டைத் திறந்து ஸ்கிரீனைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். தூசி, முடி, டெவலப்பர் (பிலிம் கழுவும் திரவம்) துளி எதுவானாலும் ஒளியை மறைக்கும். அந்த இடம் படத்தில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சிறுநீரகக் கல் தேடும் படத்தில் அப்படி ஒரு புள்ளி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. படத்தை மறுபடி எடுப்பார்கள், டோஸ் இரட்டிப்பாகும்.

ஸ்கிரீன் தயாரித்த கம்பெனி சொல்லும் கிளீனரைப் பஞ்சில்லாத துணியில் நனைத்துத் துடையுங்கள். திரவத்தை நேரே ஸ்கிரீனில் ஊற்றக் கூடாது. கேசட்டைச் செங்குத்தாகத் திறந்து நிறுத்தி நன்றாகக் காயவிட்ட பிறகுதான் பிலிம் போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பிலிம் ஒட்டிக்கொண்டு ஸ்கிரீனின் மேல்பூச்சும் சேர்ந்து உரியும்.

அடுத்தது ஒட்டுதல் சோதனை. கம்பி வலையைக் கேசட் மேல் பரப்பி, 50 கேவி சுமாரில், மிகக் குறைந்த எம்ஏஎஸ்ஸில் ஒரு படம். லைட் பாக்ஸில் மாட்டி இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கிட்டே நின்றால் தெரியாது. எங்கெல்லாம் வலை மங்கி அந்தப் பகுதி கறுத்துத் தெரிகிறதோ அங்கெல்லாம் ஸ்கிரீனும் பிலிமும் ஒட்டவில்லை. ஸ்பாஞ்ச் தளர்ந்திருக்கும், கீல் வளைந்திருக்கும், அல்லது காற்று சிக்கியிருக்கும். நடுவில் பெரிய திட்டு இருந்தால் அந்தக் கேசட்டை ஒதுக்கிவிடுங்கள். கேசட்டுக்கு எண் போட்டு, அதே எண்ணை ஸ்கிரீனின் ஓரத்திலும் எழுதி வைத்தால் படத்தைப் பார்த்ததும் எது குற்றவாளி என்று தெரியும்.

சிஆர் பிளேட்டுக்கு ஒட்டுதல் பிரச்சினை இல்லை. ஆனால் அது பின்னணிக் கதிரையும் சிதறல் கதிரையும் சேமித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளுக்கு மேல் சும்மா இருந்த பிளேட்டை முதலில் ஈரேஸ் செய்யுங்கள். எடுத்த படத்தையும் தாமதிக்காமல் ரீடரில் போட வேண்டும், நேரம் போகப் போகச் சேமித்த சிக்னல் குறையும். எட்டு மணி நேரத்தில் சுமார் கால் பங்கு போய்விடும்.

பிலிம் அறையில் டெவலப்பரை நேர்செய்யாமல் சார்ட் போட உட்காராதீர்கள். கையால் கழுவும் இடங்களில் எல்லாரும் அறிந்த ஒரு குறுக்குவழி இருக்கிறது: கதிரை வேண்டுமென்றே அதிகமாகக் கொடுத்துவிட்டு, சிவப்பு விளக்கில் பிலிமைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, கறுக்கத் தொடங்கியதும் வெளியே எடுத்துவிடுவது. படம் வந்துவிடும், கான்ட்ராஸ்ட் (கறுப்பு வெள்ளை வேறுபாடு) தட்டையாக இருக்கும், டோஸ் தேவையைவிட மிக அதிகம். வெப்பமானியும் கடிகாரமும் வைத்து, கம்பெனி அட்டவணைப்படி முழு நேரம் டெவலப் செய்யுங்கள். நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் மதியம் ஒரு சூடு, இரவில் ஒரு சூடு. அட்டவணையில் வெப்பத்துக்கு ஏற்ற நேரம் இருக்கும்.

4. தூரம், போக்கல் ஸ்பாட், கொலிமேஷன்

மேசைப் படங்களுக்கு 100 செ.மீ., நின்று எடுக்கும் நெஞ்சுக்கு 180 செ.மீ. என்று நிலையாக வைத்துவிடுங்கள். தூரம் மாறினால் கதிர் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 100-க்குப் போட்ட எம்ஏஎஸ் 180-இல் 3.24 மடங்காக வேண்டும். டேப் பிடித்து அளக்காமல் கண்மதிப்பில் 90-இல் வைத்தால் கதிர் கால் பங்குக்கும் நெருக்கமாகக் கூடிவிடும். அப்புறம் சார்ட்டைத் திட்டுவார்கள்.

உறுப்பு கேசட்டோடு ஒட்டியிருக்கட்டும். இடைவெளி கூடினால் போக்கல் ஸ்பாட் (டியூபில் எக்ஸ்ரே பிறக்கும் சிறு இடம்) உண்டாக்கும் நிழல் விளிம்பும் விரியும். கை, கால், மணிக்கட்டுக்குச் சிறிய போக்கல் ஸ்பாட். முதுகு, வயிறுக்குப் பெரியது, ஏனென்றால் சிறியதில் எம்ஏ குறைந்து நேரம் நீளும்.

இனி கொலிமேட்டர். ஒரே செலவில் டோஸையும் குறைத்துப் படத்தையும் நன்றாக்கும் கருவி அறையில் இது ஒன்றுதான். ஒளிச்சதுரம் சிறுத்தால் கதிர் படும் உடம்பு குறையும், அங்கிருந்து வரும் சிதறலும் குறையும், கான்ட்ராஸ்ட் ஏறும். சிஆர் வந்த பிறகு இது கெட்டுப்போயிருக்கிறது. முழுக் கேசட்டுக்கும் திறந்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையில் ஓரங்களைக் கறுப்பு ஷட்டர் போட்டு மறைக்கிறார்கள். படம் அழகாகத் தெரியும், பேஷண்டுக்குப் போன கதிர் போனதுதான். நான் பயிற்சி தரும்போது ஷட்டர் போடாத மூலப் படத்தைத்தான் கேட்பேன். நான்கு ஓரங்களிலும் கொலிமேட்டரின் எல்லைக்கோடு தெரிய வேண்டும்.

சிஆரில் இன்னொரு காரணமும் உண்டு. எல்லை தெரியாத படத்தில் சாஃப்ட்வேர் வெற்றிடத்தையும் கணக்கில் எடுத்துத் தவறான இண்டெக்ஸ் (பிளேட்டில் விழுந்த கதிரைச் சொல்லும் எண், 8-ஆம் பகுதியில் வருகிறது) காட்டலாம்.

5. கேவியை உறுப்பைப் பார்த்து வையுங்கள்

கேவி என்பது ஊடுருவும் திறன். அது போதவில்லை என்றால் எம்ஏஎஸ்ஸை எவ்வளவு ஏற்றினாலும் எலும்புக்குள் ஒன்றும் தெரியாது, கதிர் எல்லாம் தோலிலும் தசையிலும் தங்கிவிடும். ஆகவே கேவியை முதலில் நிலையாக வைத்துவிட்டு அதைத் தொடாமல் இருக்கப் பழகுங்கள்.

தொடக்கத்துக்கு: கை, பாதம் 50 முதல் 55. மூட்டு 60 முதல் 65. வயிறு, இடுப்பு, இடுப்பு முதுகெலும்பு முன்பக்கம் 75 முதல் 80. முதுகெலும்பு பக்கவாட்டு 85 முதல் 90. நெஞ்சு, கிரிட் உள்ள நல்ல மெஷினில் 110 முதல் 125. கிரிட் இல்லாத போர்ட்டபிளில் 80 முதல் 90.

ஏற்றி இறக்க ஒரு விதி உண்டு. கேவியை 15 சதவீதம் ஏற்றினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம். 70-இல் 40 எம்ஏஎஸ் என்றால் 80-இல் 20. மெஷின் வெளியிடும் கதிர் கிட்டத்தட்ட கேவியின் வர்க்கத்தில் கூடும், எனவே தோலில் இறங்கும் டோஸ் பாதியாகாது; சுமார் 35 சதவீதம் குறையும். அதுவும் நல்ல லாபம். விலை, கான்ட்ராஸ்ட் கொஞ்சம் தட்டையாவது. வயிற்றில் கல் தேடும்போது அந்த விலை கட்டுப்படியாகாமல் போகலாம். பொருத்திய இம்பிளாண்ட் சரியான இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் தாராளமாக ஏற்றலாம். டாக்டரின் கேள்வி என்ன என்று கோரிக்கைச் சீட்டைப் படிக்காமல் கேவியை முடிவு செய்ய முடியாது.

ஸ்கிரீனுக்கும் பிடித்த கேவி உண்டு. கடோலினியம் 50.2 கேஇவிக்கு (எக்ஸ்ரேயின் ஆற்றலை அளக்கும் அலகு) மேல் எக்ஸ்ரேயைத் திடீரெனக் கூடுதலாகப் பிடிக்கும். 70 முதல் 90 கேவி வரை எடுக்கும் படங்களில் கதிரில் கணிசமான பங்கு அந்த எல்லைக்கு மேல் இருக்கும். 50 கேவியில் எடுத்தால் எதுவுமே அந்த எல்லையைத் தாண்டாது. '400 ஸ்பீட் என்று போட்டிருக்கிறது, கைக்கு மட்டும் ஏன் வெளுக்கிறது' என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: பெட்டியில் உள்ள எண் எல்லாக் கேவிக்கும் பொருந்தாது. சிஆர் பிளேட்டில் உள்ள பேரியத்துக்கு அந்த எல்லை 37.4 கேஇவி. நடுத்தர கேவியில் நன்றாகப் பிடிக்கும், மிக உயர்ந்த கேவியில் நிறைய எக்ஸ்ரே பிளேட்டைத் துளைத்துக்கொண்டு போய்விடும். பிலிமில் 120 கேவியில் எடுத்த நெஞ்சை சிஆரிலும் அதே கேவியில் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 100 சுற்றிலும் ஒரு படம் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. கிரிட் வேண்டுமா என்று கேளுங்கள்

கிரிட் சிதறலை வடிகட்டும், நல்ல கதிரிலும் ஒரு பங்கை விழுங்கும். பொதுவாக மூன்று முதல் ஐந்து மடங்கு எம்ஏஎஸ் கேட்கும். 10 முதல் 12 செ.மீ.க்கு மேல் கனமுள்ள உறுப்புக்கு அந்த விலை நியாயம். அதற்குக் கீழே வேண்டாம். மூட்டைப் பக்கியில் (மேசைக்கு அடியில் கிரிட்டோடு கேசட்டை வைக்கும் தட்டு) வைத்து எடுக்கும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. மெலிந்த ஆளின் மூட்டைக் கேசட் மேல் நேராக வைத்தால் போதும். சின்னக் குழந்தைகளுக்குக் கிரிட்டைக் கழற்றிவிடுங்கள்.

கழற்றிச் செருகும் கிரிட்டில் டியூப் பக்கம் எது என்று எழுதியிருக்கும். தலைகீழாகப் போனால் படத்தின் நடுவில் மட்டும் ஒரு பட்டை வரும், இரு பக்கமும் வெளுத்துவிடும். அதைப் பார்த்து எம்ஏஎஸ் ஏற்றாதீர்கள். சிஆரில் அசையாத கிரிட் போட்டால் கோடுகள் ரீடரின் ஸ்கேன் கோடுகளோடு பின்னி அலை அலையாகத் தெரியலாம். கோடுகள் நெருக்கமான கிரிட் வாங்குவதும், ஸ்கேன் திசைக்குக் குறுக்காக வைப்பதும் தீர்வு.

7. இப்போது எம்ஏஎஸ்: மேலிருந்து கீழே இறங்குங்கள்

தண்ணீர்ப் பெட்டியை மேசையில் வையுங்கள். 80 கேவி, 100 செ.மீ., கிரிட் போட்டு, சிஆர் பிளேட். நீங்கள் இப்போது வயிற்றுக்குப் பயன்படுத்தும் எம்ஏஎஸ்ஸில் தொடங்குங்கள், 40 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் 32, 25, 20, 16, 12.5. ஒவ்வொரு படத்திலும் எம்ஏஎஸ்ஸையும் இண்டெக்ஸையும் நோட்டில் எழுதுங்கள்.

படங்களில் எம்ஏஎஸ் எண்ணை மறைத்து, கலைத்து, ரேடியாலஜிஸ்டிடம் கொடுங்கள். எந்தப் படம் அழகு என்று கேட்கக் கூடாது. அழகு என்றால் எல்லாரும் அதிக டோஸ் படத்தைத்தான் காட்டுவார்கள். 'எதிலிருந்து இந்த அலுமினிய வட்டம் உங்களுக்குச் சந்தேகமாகிறது' என்று கேளுங்கள். அவர் காட்டும் படத்துக்கு ஒரு படி மேலே உள்ளதே உங்கள் தொடக்க எண்.

ஏன் மேலிருந்து கீழே? கீழிருந்து ஏறினால், ஒவ்வொரு படியிலும் படம் இன்னும் கொஞ்சம் வழவழப்பாகும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நாய்ஸ் விஷயத்தில் கணக்கு கஞ்சத்தனமானது: கதிரை இரட்டித்தால் படம் 1.4 மடங்குதான் சுத்தமாகும். இரட்டிப்புச் சுத்தம் வேண்டுமானால் நான்கு மடங்கு கதிர்.

பிலிமில் இந்தப் படியிறக்கம் செய்ய முடியாது, படமே வெளுத்துவிடும். அங்கே சரியான கறுப்பு வரும் எம்ஏஎஸ்ஸைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள். டோஸ் இன்னும் குறைய வேண்டுமென்றால் 2-ஆம் பகுதிக்குத் திரும்பி வேகமான ஸ்கிரீனைப் பாருங்கள். ஏஇசி (போதுமான கதிர் விழுந்ததும் தானாக நிறுத்தும் அமைப்பு) உள்ள மெஷின் என்றால், பிலிமுக்காக அமைத்த ஏஇசியை சிஆருக்கு மறுபடி அமைக்கச் சொல்ல வேண்டும்.

8. இண்டெக்ஸை வாசிக்கப் பழகுங்கள்

2008-இல் வந்த ஐஇசி 62494-1 தரத்தின்படி எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்பது பிளேட்டில் விழுந்த கதிரை மைக்ரோகிரேயில் எடுத்து 100-ஆல் பெருக்கிய எண். 2.5 மைக்ரோகிரே என்றால் 250. பழைய 400 வேக ஜோடியோடு ஒப்பிட இதுவே வழி. 200 வேகத்துக்கு 500. ஒவ்வொரு உறுப்புக்கும் நீங்கள் வைத்த இலக்கிலிருந்து எவ்வளவு விலகல் என்று டீவியேஷன் இண்டெக்ஸ் சொல்லும். 0 என்றால் சரியான இலக்கு. +3 என்றால் இரண்டு மடங்கு, -3 என்றால் பாதி.

மெஷின் பேனலில் எம்ஏஎஸ் 10, 12.5, 16, 20, 25, 32, 40 என்று ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். அதில் ஒரு படி என்பது டீவியேஷன் இண்டெக்ஸில் ஒன்று. +2 காட்டினால் அடுத்த முறை இரண்டு படி கீழே. மனக்கணக்கு எதுவும் வேண்டாம்.

பழைய ரீடர்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எண். பியூஜியின் எஸ் எண் தலைகீழ்: கதிர் கூடினால் எண் குறையும். கோடாக்கில் 300 கூடினால் கதிர் இரட்டிப்பு. அக்பாவில் 0.3 கூடினால் இரட்டிப்பு. ஒரு சென்டரிலிருந்து இன்னொரு சென்டருக்கு மாறுபவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். எஸ் எண் 100 காட்டுகிறது, 200 வர வேண்டும் என்று எம்ஏஎஸ்ஸைக் கூட்டுவார்கள். அது இன்னும் கீழே போகும். அறைச் சுவரில் எந்தப் பக்கம் அதிகம் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று. இந்த எண் பிளேட்டில் விழுந்த கதிரைச் சொல்கிறது, பேஷண்டின் டோஸைச் சொல்லவில்லை. பருமனான ஒருவருக்கும் ஒல்லியான ஒருவருக்கும் இண்டெக்ஸ் ஒன்றாக இருக்கலாம், தோலில் பட்டது பல மடங்கு வேறுபடும்.

9. பேஷண்ட் டோஸை ஒருமுறையாவது கணக்கிடுங்கள்

கியூஏ ரிப்போர்ட்டில் 80 கேவியில் ஒரு எம்ஏஎஸ்ஸுக்கு, 1 மீட்டரில், 50 மைக்ரோகிரே என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயிற்றுக்கு நீங்கள் முடிவு செய்தது 25 எம்ஏஎஸ். பெருக்கினால் 1250. பேஷண்ட் கனம் 20 செ.மீ., மேசைக்கும் கேசட்டுக்கும் இடையே 5 செ.மீ., ஆகவே தோல் டியூபிலிருந்து 75 செ.மீ.யில் இருக்கிறது. 100-ஐ 75-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.78. உடம்பிலிருந்து திரும்பி வரும் சிதறலுக்கு 1.35. எல்லாம் பெருக்கினால் சுமார் 3000 மைக்ரோகிரே, அதாவது 3 மில்லிகிரே.

சர்வதேச அணுசக்தி முகமையின் 1996 அடிப்படைத் தரங்களில் வயிற்று முன்பக்கப் படத்துக்கு 10, இடுப்பு முதுகெலும்பு பக்கவாட்டுக்கு 30, நெஞ்சு பின்பக்கப் படத்துக்கு 0.4 மில்லிகிரே என்று வழிகாட்டு அளவு கொடுத்திருந்தார்கள். அவை 200 வேக ஜோடிக்கானவை, 400 முதல் 600 வேகத்துக்கு இரண்டு மூன்று மடங்கு குறைக்கச் சொல்லி அடியில் குறிப்பும் இருக்கிறது. உங்கள் எண் அந்த 10-ஐத் தொட்டால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, முதல் பகுதியிலிருந்து தேடுங்கள். அதற்குக் கீழே இருப்பதால் மட்டும் திருப்தியடைய வேண்டாம். அது தாண்டினால் காரணம் தேட வேண்டிய எண், எட்ட வேண்டிய இலக்காக யாரும் அதைப் போடவில்லை.

10. சார்ட்டை எழுதுங்கள்

'ஒல்லி, நடுத்தரம், பருமன்' என்று எழுதாதீர்கள், ஆளுக்கு ஆள் அளவு மாறும். கேலிப்பரில் அளந்த செ.மீ. எழுதுங்கள். கேவி நிலையாக இருக்க, கனம் ஒவ்வொரு 4 செ.மீ. கூடும்போதும் எம்ஏஎஸ் ஏறக்குறைய இரட்டிக்கும். 20 செ.மீ. வயிற்றுக்கு 25 என்றால் 24-க்கு 50, 16-க்கு 12.5. மிகப் பருமனானவர்களுக்கு எம்ஏஎஸ்ஸை மேலே மேலே ஏற்றாமல் கேவியையும் ஒரு படி ஏற்றுங்கள்.

குழந்தைகளுக்குத் தனிச் சார்ட். பெரியவர் அளவைப் பாதியாக்குவது சார்ட் ஆகாது. கிரிட்டும் இல்லை, கனமும் வேறு. மாவுக்கட்டு போட்ட கைக்குத் தனிவரி வேண்டும், ஈரம் காயாத கட்டு என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. ஃபைபர் கட்டுக்குப் பெரும்பாலும் எதுவும் கூட்ட வேண்டாம்.

ஒவ்வொரு வரியிலும் தூரம், கிரிட் உண்டா இல்லையா, எந்தக் கேசட், எந்தப் போக்கல் ஸ்பாட் எல்லாம் இருக்க வேண்டும். கேவியும் எம்ஏஎஸ்ஸும் மட்டும் எழுதிய சார்ட்டை வேறு ஷிஃப்ட்டில் வருபவர் நம்பி எடுக்க முடியாது.

11. ஓட்டிப் பார்த்துத் திருத்துங்கள்

ரிப்பீட் நோட்டு ஒன்று வையுங்கள். எந்த உறுப்பு, என்ன காரணம், எந்தக் கேசட் என்று மூன்றே பத்தி. யார் எடுத்தது என்ற பத்தி வேண்டாம், பெயர் கேட்டால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள், படத்தை டிலீட் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலான ரிப்பீட்டுகள் பொசிஷனிங்கால் வந்திருக்கும், அசைவு அடுத்து. அவற்றைச் சரிசெய்யச் சார்ட்டைத் தொட வேண்டியதே இல்லை.

சிஆர், டிஆர் அறைகளில் இன்னொரு வேலையும் சேரும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு உறுப்புக்கும் சமீபத்திய இருபது படங்களின் டீவியேஷன் இண்டெக்ஸை வரிசையாக எழுதுங்கள். 0-ஐச் சுற்றி மேலும் கீழும் ஆடினால் சரி. எல்லாம் +2, +3 என்று ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் யாரோ பாதுகாப்புக்கென்று ஒரு படி கூட்டி, இன்னொருவர் அதற்கு மேல் ஒரு படி கூட்டியிருக்கிறார்கள். ரேடியாலஜிஸ்ட் நாய்ஸ் என்று திட்டுவார், அதிக டோஸுக்காக யாரும் திட்டுவதில்லை. அதனால் எண்கள் எப்போதும் மேல் நோக்கியே நகரும்.

டியூப் மாற்றினாலோ, ஸ்கிரீன் அல்லது பிலிம் பிராண்ட் மாறினாலோ, ரீடர் சாஃப்ட்வேர் அப்டேட் ஆனாலோ தண்ணீர்ப் பெட்டியை மறுபடி வெளியே எடுத்து 80 கேவி, 25 எம்ஏஎஸ்ஸில் ஒரு படம் எடுங்கள். பழைய இண்டெக்ஸிலிருந்து ஒரு படிக்கு மேல் விலகியிருந்தால் சார்ட்டின் மேல் குறுக்குக்கோடு போட்டுவிட்டு 7-ஆம் பகுதியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். புதிய சார்ட்டின் மூலையில் தேதியும் கேசட் எண்களும் எழுதி, பழையதைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் தொங்கினால் ஆள் ஆளுக்கு ஒன்றைப் பார்ப்பார்கள்.